சொன்னால் ஒரு வருஷம்

எங்கள் அப்பாவின் பேரை இதில் எங்கேயும் நான் சொல்லப்போவதில்லை. மரியாதைக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அதுதான் நல்லது. அது ஒரு சாமியின் பேர். தெரிந்துவிட்டால் அந்தச் சாமியைக் கும்பிடப் போகும்போதெல்லாம் எங்கள் அப்பாவின் மீசையும் பீடியும் உங்கள் கண்முன்னால் வந்து நிற்கும். வேண்டுதல் கெட்டுப்போகும்.

அம்மாவுக்கு அந்தச் சங்கடம் கல்யாணமான நாளிலிருந்து இருந்தது. புருஷன் பேரைச் சொல்லக்கூடாது. அதனால் சாமியின் பேரையும் சொல்ல முடியாது. குலசாமி கோயிலில் பூசாரி கற்பூரம் காட்டும்போது எல்லாரும் பேரைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அம்மா மட்டும், "எங்க ஊட்டுக்காரரு பேரு வெச்சிக்கினு இருக்கிற சாமி, எங்கள காப்பாத்து" என்பாள். யார் பேரை யார் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சாமிக்கே கொஞ்சம் குழப்பமாக இருந்திருக்கும்.

எங்கள் ஊர் முகையூருக்குப் பக்கம். அப்பா விழுப்புரத்தில் ஒரு மண்டியில் மூட்டை தூக்கினார். வாரத்தில் ஒருநாள்தான் வீட்டுக்கு வருவார். அம்மா ஊரில் இருந்த பிள்ளைக் கொட்டகைக்கு ஆயா. மல்லாட்டை பிடுங்கவும் கேப்பை அறுக்கவும் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பத்துப் பன்னிரண்டு தூளிகள் ஒரே நேரத்தில் ஆடும். அத்தனையையும் ஒரே கயிற்றில் கட்டி, ஓர் இழுப்பில் எல்லாவற்றையும் ஆட்டுகிற வித்தையை அம்மாதான் கண்டுபிடித்தாள். கொட்டகையை நடத்தியவர்கள் திண்டிவனத்துக் கன்னியாஸ்திரீகள். மேற்பார்வைக்கு வரும் சிஸ்டர் அந்தக் கயிற்றை நின்று பார்த்துவிட்டுப் போனார். அடுத்த தடவை வந்தபோது, மலேசியாவுக்கு மூன்று மாதம் போய்ப் படித்துவிட்டு வருகிறாயா என்று அம்மாவைக் கேட்டார். அங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிற நம் சனங்களின் பிள்ளைகளுக்குப் பெரிய பெரிய கொட்டகைகள் இருக்கின்றனவாம்.

கையெழுத்துப் போடத் தெரியாதவளைக் கடல் தாண்டிப் படிக்க அனுப்புகிறார்கள் என்று ஊர் சிரித்தது. இது கண்ணால் படிக்கிற படிப்பு, எழுத்து வேண்டாம் என்றார் சிஸ்டர். அம்மா ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள். என் பிள்ளையை இங்கே விட்டுவிட்டு, அடுத்தவள் பிள்ளையைத் தூங்கவைக்கவா நான் அவ்வளவு தூரம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். சிஸ்டர் எங்கெங்கோ எழுதிப் போட்டு என்னையும் சேர்த்துக்கொண்டார். எனக்கு அப்போது எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. நான் பள்ளிக்கூடம் போன கடைசி வகுப்பும் அதுதான். ஆகவே வெளிநாடு போய்ப் படித்தவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு முழு உரிமை உண்டு.

இப்போது பயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பயத்தைப் போட்டவள் பெருமுக்கலில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை, அப்பாவின் அக்கா. பயணத்துக்குச் சில மாதங்கள் முன்னால் வந்திருந்தாள். அன்றைக்கு நான் அப்பாவின் மண்டி முதலாளியைப் போல இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வாசற்படியில் நின்று, அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். முன்னால் ஒரு 'டேய்' வேறு. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அத்தை என் காதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"பொண்டாட்டியும் புள்ளையும் அவன் பேர சொல்லக்கூடாதுடி. ஒரு வாட்டி சொன்னா அவனுக்கு ஒரு வருசம் போயிடும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அத்தை சொல்வதையெல்லாம் அம்மா ஒப்புக்கொள்கிறவள் அல்ல. அத்தை உப்பு என்றால் இவள் சர்க்கரை என்பாள். அன்றைக்கு மட்டும், "உங்கத்த சொல்றது நெசந்தான்" என்றாள். மேலத் தெருவில் ஒருத்தி சண்டையில் புருஷன் பேரைச் சொல்லிவிட்டாளாம், அந்த வருஷமே அவன் போய்ச் சேர்ந்துவிட்டானாம். அவனுக்கு அப்போது எழுபது வயது தாண்டியிருந்தது என்பதை அம்மா சேர்த்துச் சொல்லவில்லை. வெளியே அப்பாவுக்கு இருமல் வந்தது. சிரிப்பில் பீடிப் புகை மாட்டிக்கொண்ட இருமல்தான். எனக்கு அது ஒரு வருஷம் கழன்று விழுகிற சத்தமாகக் கேட்டது.

அதிலிருந்து அப்பா வீட்டுக்கு வரும் நாளெல்லாம் அவர் இருமுகிறாரா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பேன். மண்டியில் முதலாளி ஒரு நாளைக்கு நூறு தடவை அவர் பேரைச் சொல்லி ஏவுகிறாரே என்று அம்மாவிடம் கேட்டேன். வெளியாள் சொன்னால் ஒன்றும் ஆகாது, நாம் சொன்னால்தான் என்றாள். அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. நம் கை பட்டால்தானே நம் வீட்டுச் சட்டி உடைகிறது.

பயணத்துக்கு முதல் நாள் அப்பா எங்களோடு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வந்து சேர்ந்துகொண்டார். அங்கிருந்து மூன்று பேரும் திண்டிவனம் போக வேண்டும். இரவு மடத்தில் தங்கி, விடிந்ததும் அவர்கள் வேனில் மெட்ராஸ் போய் விமானம் ஏறுவதாக ஏற்பாடு. திண்டிவனம் பஸ் வருவதற்குள் அப்பா எனக்கு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார். மூன்று மாதம் அவரைப் பார்க்க முடியாது. அதுவரை அவர் இருப்பாரா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். பழத்தை உரித்துக்கொண்டே கேட்டேன்.

"உனுக்கு இன்னும் எத்தினி வருசம்ப்பா இருக்குது?"

அப்பா அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தார். "மூணு. அதுக்கு மேல உங்கம்மா என்ன இருக்க வுடமாட்டா."

"கெளம்பற நேரத்துல வாயில நல்ல வார்த்தையே வராதாங்க?" என்றாள் அம்மா. அதைச் சொன்னபோது அவள் குரல் நடுங்கியது. கோபம் என்று நினைத்தேன்.

அப்பா என் தலையில் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். நான் பழத்தைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். மூன்று. மூன்றாம் வகுப்புக் கணக்கில் அது சின்ன எண். விரலில் எண்ணத் தொடங்கினால் நடுவிரலிலேயே முடிந்துபோகும்.

திண்டிவனத்து மடத்தில் எங்களை ஒரு கூடத்தில் உட்காரவைத்தார்கள். ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்பதால் அப்பா வெளியே மரத்தடியில் குந்திக்கொண்டார். சிஸ்டர் அம்மாவின் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைக்குத் தனிப் புத்தகம் கிடையாது. அம்மாவின் படத்தை ஒட்டி, வேறொரு பக்கத்தில் என் பேரையும் எழுதியிருந்தார்கள். எனக்குப் படம் இல்லை. அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் பேருக்கு முன்னால் அப்பாவுக்காக ஓர் எழுத்து மட்டும் நிற்கும். புத்தகத்திலோ அந்த எழுத்து முழு ஆளாக வளர்ந்து, அம்மா பேருக்குப் பின்னாலும் என் பேருக்குப் பின்னாலும் வந்து நின்றது. சிஸ்டர் விரலை வைத்துக் காட்டினார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இருந்தாலும் அந்த இடத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எழுதினால் என்ன ஆகும் என்று அத்தை சொல்லியிருக்கவில்லை.

அங்கே இறங்கியதும் ஓர் அதிகாரி பேரைக் கேட்பார் என்றார் சிஸ்டர். தன் பேர், புருஷன் பேர் ரெண்டையும் சேர்த்துத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தயங்கினால் சந்தேகப்படுவார்கள், திருப்பி அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்கள். இப்போது நான்தான் அதிகாரி, சொல்லிக் காட்டு என்று அம்மாவுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அம்மா தன் பேரைச் சொன்னாள். பிறகு சிரித்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அது மட்டும் என்னால ஆவாது சிஸ்டரம்மா. பாப்பா சொல்லும்."

சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்குப் புருஷன் இல்லை. அதனால் இந்தத் தொந்தரவெல்லாம் புரியவில்லை. கடைசியில் சரி, கேட்கும்போது பிள்ளையே சொல்லட்டும் என்று என் பக்கம் திரும்பினார். உங்க அப்பா பேர் என்ன என்று கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கூடாது என்று சொன்னவளே சொல்லச் சொல்கிறாளே. பெரியவர்களுக்குத் தெரியாததா என்று, உதட்டுக்குள்ளேயே மெதுவாகச் சொன்னேன். மெதுவாகச் சொன்னால் ஆறு மாதத்தோடு போகும் என்று ஒரு கணக்கு.

"காதுல விழல. சத்தமா."

சத்தமாகச் சொன்னேன். கூடம் முழுக்க அது எதிரொலித்தது. வெளியே மரத்தடியில் அப்பா இருமினார். ஒன்றல்ல, அடுக்கடுக்காக. இருமிக்கொண்டே எழுந்து வந்து ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். கண்ணெல்லாம் சிவந்து தண்ணீர் நிறைந்திருந்தது.

"கூப்ட்டிங்களா?" என்றார்.

சிஸ்டர் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்த இருமலைப் பார்த்தால் மெதுவாகச் சொன்னதும் முழுசாகவே கணக்கில் சேர்ந்திருந்தது. மூன்றில் இரண்டு போய்விட்டது.

மறுநாள் விடியற்காலையில் வேன் கிளம்பும்போது அப்பா வெளியே நின்றுகொண்டிருந்தார். ராத்திரி எங்கே படுத்தார் என்று தெரியாது. சட்டையில் முதுகுப் பக்கம் மண் இருந்தது. வேனில் இடமில்லை, அவர் வரவில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் கன்னத்தைப் பிடித்தார்.

"யாரு இன்னா கேட்டாலும் பயப்படாம பளிச்சுனு சொல்லணும், இன்னா? உங்கம்மாவுக்கு நீதான் வாயி."

பாவம், அவருக்குத் தெரியாது. மீதியிருப்பது ஒன்று என்று அவரிடம் யார் சொல்வது? வேன் திரும்பும்வரை அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஞாபகம் வைத்துக்கொள்வதற்காகப் பார்த்தேன்.

விமானத்தைப் பற்றி நிறைய சொல்லலாம். அது எழும்பியபோது அடிவயிறு காலுக்குப் போய்விட்டது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு சாமியை வேண்டினாள். அங்கேயும் பேர் சொல்லவில்லை, வெறும் "சாமி, சாமி" என்றாள். எந்தச் சாமி என்று தெரியாமல் நாலைந்து சாமிகள் வந்து இறக்கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், நல்லபடியாகப் போய் இறங்கினோம். ஆனால் எனக்கு விழுந்துவிடுமோ என்கிற பயம் இல்லை. இறங்கிவிடுமே என்றுதான் பயம். இறங்கினால் கேட்பார்கள்.

இறங்கினோம். பெரிய கூடம், மார்கழி விடியற்காலை மாதிரிக் குளிர். வரிசை வரிசையாக நின்று ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கும் முன்னால் போக வேண்டும். கூடவே வந்திருந்த சிஸ்டர் எங்களுக்கு முன்னால் நின்றார். அவருடைய புத்தகத்தில் முத்திரை குத்தி அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். போனவர் திரும்பி வரக்கூடாதாம். தரையில் போட்டிருந்த கோட்டுக்கு அப்பால் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

பெட்டிக்குள் இருந்தவர் தொப்பி போட்ட மலாய்க்காரர். அம்மாவின் முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஏதோ கேட்டார். அம்மா தன் பேரைச் சொன்னாள். அவர் புத்தகத்தில் விரலை வைத்து, அடுத்து என்ன என்பதுபோல் தட்டினார். அம்மா அதே பேரை இன்னொரு தடவை, கொஞ்சம் நீட்டிச் சொன்னாள். அவர் கையைத் தூக்கி யாரையோ கூப்பிட்டார். சீருடை போட்ட ஒரு பெண் வந்தாள். நம் ஆள்தான், நெற்றியில் பொட்டு இருந்தது. அம்மாவின் முகம் மலர்ந்தது.

"முழுப் பேர் சொல்லுங்கம்மா. பின்னால இருக்கே, அது என்னா?" என்றாள் அவள்.

அம்மா என்னை முன்னால் தள்ளினாள். "பாப்பா சொல்லும்ங்க."

அந்தப் பெண் குனிந்தாள். அவளுடைய சட்டைப் பொத்தான்கள் பளபளத்தன. "சொல்லு தங்கச்சி. அப்பா பேரு என்னா?"

பேர் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தால் அதுவாகக் குதித்துவிடும். திண்டிவனத்தில் மரத்தடியில் அப்பா உட்கார்ந்திருப்பார். இல்லை, இந்நேரம் விழுப்புரத்துக்குப் போய் மூட்டையை முதுகில் ஏற்றியிருப்பார். நான் சொன்னதும் மூட்டையோடு சாய்வார். ஏன் சாய்ந்தார் என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. பற்களைக் கடித்துக்கொண்டு, பல்லுக்கு நடுவிலேயே பேசினேன்.

"தெரியாது."

அம்மா என் தோளைக் கிள்ளினாள். எனக்கு வலித்தது, வாங்கிக்கொண்டேன். "தெரியும்டி உனுக்கு. நேத்து சொன்னியேடி" என்றாள். நான் தரையைப் பார்த்தேன். சரி, உன் பேர் என்ன என்று அந்தப் பெண் கேட்டாள். "பாப்பா" என்றேன். புத்தகத்தில் அப்படி ஒரு பேர் இல்லை. வீட்டில் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பேரைச் சொன்னால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அப்பா பேரும் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன்.

அவர்கள் இருவரும் அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்கு வியர்த்தது, அந்தக் குளிரிலும். அவளாக ஒரு வழி பண்ணப் பார்த்தாள். அது ஒரு சாமி பேர் என்றாள். எந்தச் சாமி என்று அந்தப் பெண் கேட்டாள். முருகனா? அம்மா இல்லை என்று தலையாட்டினாள். கணேசனா? இல்லை. ஐயனாரா? அம்மா கொஞ்சம் யோசித்து, கிட்டே வந்துவிட்டீர்கள், ஆனால் அவர் இல்லை என்றாள். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்த ஒரு பெரியவர் தானும் இரண்டு சாமிகளைச் சொல்லிப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. பெட்டிக்குள் இருந்தவருக்கு வரவில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னதும் அவள் முகத்திலிருந்தும் சிரிப்பு போய்விட்டது.

"அம்மா, அடுத்தவங்க பிள்ளையக் கூட்டிக்கிட்டு வர்றவங்க இருக்காங்க. பிள்ளைக்கு அப்பா பேரு தெரியல, நீங்களும் சொல்ல மாட்டேங்கிறீங்க. பிள்ளைய உள்ள வெச்சுத் தனியா விசாரிக்கணும்னு சொல்றாரு."

கோட்டுக்கு அந்தப் பக்கம் சிஸ்டருக்கு என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது. அங்கிருந்து கையை ஆட்டினார். சத்தம் போட்டால் காவலுக்கு நின்றவர் தடுத்தார். ஆகவே என்னைப் பார்த்துச் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார். ஒவ்வோர் எழுத்தாக, வாயை அகலத் திறந்து, அப்பாவின் பேரை. நான் இரண்டு கைகளாலும் கண்ணை மூடிக்கொண்டேன்.

மூடியிருந்த கை ஒன்றை யாரோ எடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண்தான். அவள் கை சில்லென்று இருந்தது, பவுடர் வாசனை அடித்தது. "பயப்படாத தங்கச்சி, சும்மா உக்காந்திருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே என்னை நடத்திக்கொண்டு போனாள். கொஞ்ச தூரத்தில் ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் தெரிந்தன. அம்மா பின்னால் வரவில்லை, அவளை வரவிடவில்லை. திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்த்தால் அழுவேன், அழுதால் வாய் திறந்துவிடும். அதனால் பார்க்காமல் நடந்தேன். எட்டு வயதில் என் அம்மாவைக் கொடுத்து என் அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு அப்போது தெளிவாகத் தெரியும். கதவு வரைக்கும் அது சரியென்றும் பட்டது. கதவு திறந்து உள்ளேயிருந்து இன்னும் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்ததும்தான், மூன்று மாதமும் இந்த மேசையிலேயே உட்காரவைத்துவிடுவார்களோ என்று கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது பின்னால் அம்மாவின் குரல் கேட்டது.

உடனே கேட்கவில்லை. முதலில் அவள் மூச்சு இழுக்கிற சத்தம். குடத்தைத் தலைக்குத் தூக்கும்போது இழுப்பாளே, அந்த மாதிரி. பிறகு ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெண் என்னை உள்ளே விட்டு, நாற்காலியைக் காட்டி, கதவை மூடத் திரும்புகிற நேரம்.

பிறகு சொன்னாள். அப்பாவின் பேர். கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, களத்து மேட்டிலிருந்து ஆளைக் கூப்பிடுகிற குரலில். சொன்னவள் அதோடு நிற்கவும் இல்லை. மடை உடைந்துவிட்டது.

"அவுருதான் என் ஊட்டுக்காரரு. முகையூரு பக்கத்துல ஊடு. விழுப்புரம் மண்டியில மூட்ட தூக்கறாரு. இது அவுரு புள்ள. நான் பெத்த புள்ளதாங்க. தோ வலது முட்டிக்குக் கீழ தழும்பு இருக்குது பாருங்க, அடுப்புக் கட்டயில சுட்டுக்கினா. எம்புள்ளய குடுத்துடுங்க."

தழும்பு இருந்தது. பார்த்தார்கள். சிஸ்டரை யாரோ பெரிய அதிகாரி கோட்டைத் தாண்ட அனுமதித்தார். அவர் வந்து கடுதாசிகளைக் காட்டினார். முத்திரை குத்தினார்கள். அந்தப் பெண் என்னை அம்மாவிடம் கொண்டுவந்து விட்டு, கன்னத்தைத் துடைத்து, கையில் ஒரு மிட்டாய் கொடுத்தாள். நான் அம்மாவைவிட்டுப் பிரிய இருந்ததற்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டாள். எங்கள் அப்பா செத்துப்போனதற்காக அழுதுகொண்டிருந்தேன். அழுதுகொண்டேதான் மிட்டாயையும் தின்றேன். அது இதுவரை தின்னாத ருசியாக இருந்தது. அதற்காக இன்றைக்கும் கொஞ்சம் வெட்கப்படுகிறேன்.

வெளியே தோட்டத்து வேன் வந்திருந்தது. சிஸ்டர் முன்னால் ஏறிக்கொண்டார். நானும் அம்மாவும் பின்னால். சாயங்கால வெயிலில் சாலையின் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் வரிசை பிசகாமல் நின்றன. ஒரு மணி நேரம் போயும் அவை முடியவில்லை. அம்மா என்னைத் திட்டவில்லை. ஏண்டி தெரியாதுன்னு சொன்னே என்றுகூட கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன், அவளும் என்னிடம் ஏதாவது சொல்லியிருப்பாள். இரண்டு பேரும் ஒரே விஷயத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு போனோம்.

அப்பா யாரையோ எழுதச் சொல்லி அனுப்பிய கடிதம் இருபது நாள் கழித்துத் தோட்டத்துக்கு வந்தது. அதுவரை எனக்கு அப்பா இல்லை. அதற்குப் பிறகு அவர் எத்தனை வருஷம் இருந்தார் என்று சொன்னால் அத்தைதான் கோபித்துக்கொள்வாள். என் மூத்த பேரனுக்கு மொட்டை அடிக்கும்போது மடியில் உட்காரவைத்துக்கொண்டவர் அவர். பீடியையும் விடவில்லை, இருமலையும் விடவில்லை. அம்மா அந்தப் பேரை மறுபடி சொல்லி நான் கேட்டதில்லை.

நான் சொல்ல வந்தது முதல் நாளைப் பற்றி. அந்த வேனில் அம்மாவின் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தடவை கழுத்துக்குப் போகும். மஞ்சள் கயிற்றை வெளியே எடுப்பாள், தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், ரவிக்கைக்குள் விடுவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுத்து, இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். முன்னாலிருந்து சிஸ்டர் திரும்பி, கழுத்து வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள்.

வெளிநாட்டில் திருடர்கள் அதிகம் போலிருக்கிறது என்று எனக்குப் பட்டது. அம்மா சொல்லாமலே புரிந்துகொண்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. நானும் என் கழுத்திலிருந்த பாசிமணியை எடுத்துச் சட்டைக்குள் போட்டு, மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டேன்.